ஒல்லாந்தபுரத்தின் சக்கரப் பாதை

ஆதிரைக்கு வரைபடம் திருத்தும் வேலை. திருச்சியில் தரைத்தள வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, வழிகாட்டும் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனத்துக்காக, செயற்கைக்கோள் படத்தையும் பழைய வரைபடத்தையும் ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்ப்பாள். புதிதாக முளைத்த சாலையைச் சேர்ப்பாள். காணாமல் போன குளத்தை நீக்குவாள். கடந்த சில ஆண்டுகளாக அவளுக்கு வந்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதி ஒரே வகை. ரயில் நிலையம், வங்கி, கோயில், திரையரங்கு என்று எங்கெல்லாம் சக்கர நாற்காலிக் குறி இருந்ததோ, அங்கெல்லாம் போய் அதை அழிக்க வேண்டும். அங்கே சரிவுப் பாதை இப்போது இல்லை என்று யாரோ உறுதி செய்து அனுப்பியிருப்பார்கள். ஒரு சொடுக்கில் குறி போய்விடும். தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள்.

எல்லாம் இழை வந்த பிறகு நடந்தது. தலைமுடியைவிட மெல்லிய அந்தச் செயற்கை நரம்பை, முதுகுத்தண்டு அறுந்த இடத்துக்கு மேலும் கீழும் கோத்துவிட்டால் மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேரும். முதலில் வசதியுள்ளவர்களுக்குக் கிடைத்தது. பிறகு அரசுக் காப்பீட்டிலேயே போட ஆரம்பித்தார்கள். ஆதிரையும் அவள் கணவன் கபிலனும் சேர்ந்துதான் பெயர் பதிந்து வைத்தார்கள். அவர்கள் சந்தித்ததே முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு வார்டில். கல்லூரிப் பேருந்து கவிழ்ந்ததில் அவளுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்வு போயிருந்தது. பைக்கில் போனபோது லாரி இடித்ததில் அவனுக்கு இடுப்புக்குக் கீழே. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதை ஒரே பயிற்சியாளரிடம் கற்றார்கள். அவளுக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. அவன் விழுந்து விழுந்து கற்றான். விழும்போதெல்லாம் அவளைத்தான் திட்டுவான்.

கபிலனுக்கு இழை ஒட்டிக்கொண்டது. ஆதிரையின் படங்களைப் பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"இழையைக் கோக்கணும்னா ரெண்டு பக்கமும் உயிரோட நரம்பு வேணும்மா. உங்களுக்கு அறுந்த எடத்துல நீர்க்கட்டி வந்து, கீழ்ப்பக்கத்தை மொத்தமா அரிச்சிருச்சு. கோக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல."

நூற்றில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்றார். அப்படிப்பட்டவர்களுக்கு அரசாணைகளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: எஞ்சியோர்.

யாரையும் குறை சொல்ல முடியாதபடி ஊர் மாறியது. சக்கர நாற்காலிகள் தெருவிலிருந்து மறைந்தன. மறைந்ததும் சரிவுப் பாதைகளில் பைக் நிறுத்தினார்கள். பைக் நிறுத்துவதற்குச் சரிவு எதற்கு என்று பிறகு அதை இடித்துச் சமப்படுத்தினார்கள். பேருந்தில் தாழும் படி பழுதானால் சரிசெய்ய உதிரிப் பாகம் வரவில்லை. நாற்காலிக்கு டயர் வாங்கக்கூடச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டியிருந்தது. வெளியே போனால் முன்பு பரிதாபமாகப் பார்த்தவர்கள் இப்போது சந்தேகமாகப் பார்த்தார்கள். இன்னுமா இழை போட்டுக்கொள்ளவில்லை, பயமா, வீட்டில் விடமாட்டேன் என்கிறார்களா என்று பேருந்து நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள். நீர்க்கட்டியைப் பற்றி விளக்கிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒருநாள் அழிக்க வேண்டிய குறிகளில் ஒல்லாந்தபுரம் வந்தது.

கடலோரத்தில் நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், வெட்டிய கால்வாய் நகரம் அது. துணியும் உப்பும் நீலச் சாயத்துக்கான அவுரியும் ஏற்ற வந்தவர்கள், சதுப்பில் ஏழு கால்வாய்களை வெட்டி, கரையில் செங்கல் கிடங்குகளைக் கட்டி, படகு அடியில் போவதற்காக முதுகு உயர்ந்த பாலங்களைப் போட்டார்கள். எல்லாப் பாலத்துக்கும் படிக்கட்டு. அதனால் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் நகரின் முதல் பாலத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். இழை வருவதற்கு முன் ஒரு காலத்தில், யாரோ நல்ல மனதுக்காரர்கள் பாலங்களை ஒட்டி மரச் சரிவுகளும் மிதவைகளும், கடைசிப் பாலத்தில் ஒரு மின்தூக்கியும் அமைத்து, ஊர் நுழைவிலுள்ள பழைய சுங்கவீட்டிலிருந்து கடற்கரை வரை சக்கரப் பாதை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். இப்போது மரபு வாரியம் அதையெல்லாம் அகற்றிவிட்டு நகரைப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவரப் போகிறது.

ஆதிரை அந்த ஊரை வரைபடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஏணியைப் படுக்கவைத்ததுபோல நீலக் கோடுகள். போனதில்லை. போக வேண்டும் என்று அவளும் கபிலனும் பலமுறை பேசி, ஏதோ ஒன்று வந்து தட்டிப்போயிருந்தது. அன்றைக்கு அவள் அந்தக் குறியை அழிக்கவில்லை. வாரியத்துக்கு ஆட்சேபம் எழுதிப் போட்டாள்.

அவளே எதிர்பார்க்காமல் பதில் வந்தது. பாதையை அகற்றும் முன் பயன்பாட்டுச் சோதனை நடத்த வேண்டும் என்று சட்டத்தில் இடம் இருந்தது. ஆட்சேபிப்பவர் பாதையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் நாற்காலியில், சக்கரம் தரையைவிட்டு எழும்பாமல் போய்க் காட்டலாம். போய்விட்டால், பாதைக்குத் தேவையும் இருக்கிறது, பாதை வேலையும் செய்கிறது என்று ஆகும். அகற்றுவதைத் தள்ளி வைப்பார்கள்.

கபிலன் வாரியத்தின் பதிலை வாங்கி இரண்டு முறை படித்தான். கட்டுமான நிறுவனம் ஒன்றில் அவன் தள மேற்பார்வையாளர். இழை போடும் முன் அதே நிறுவனத்தில் மேசையில் உட்கார்ந்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவன், இப்போது நாளெல்லாம் சாரத்தில் ஏறி இறங்குகிறவன். விடுப்பு கிடைக்காது என்று சொல்வான் என ஆதிரை நினைத்தாள். அவன் தானும் வருவதாகச் சொன்னான்.

வைகாசி வெயிலில் ஒரு காலை இருவரும் சுங்கவீட்டு வாசலில் நின்றார்கள். வாரியத்தின் கள அலுவலர் ஷமீமா என்ற இளம்பெண் அங்கே காத்திருந்தாள். நாகப்பட்டினத்துக்காரி. நாற்காலியின் சக்கரத்தில் சிறிய பதிவுக்கருவி ஒன்றை ஒட்டிவிட்டு, அது எதற்கு என்று பொறுமையாக விளக்கினாள். ஆட்சேபம் தெரிவித்தவர்களில் இப்போது இருப்பவர் ஆதிரை ஒருத்திதான் என்றாள். மதுரையிலிருந்து ஒரு பெரியவரும் எழுதியிருந்தார், தேதி சொல்லக் கூப்பிட்டபோது அவர் இறந்துவிட்டதாக மகள் சொன்னாள் என்றும் சொன்னாள்.

"என் கையில இருக்கறது பாக்கறதை அப்படியே எழுதறதுதான் மேடம். அதை ஒழுங்கா செய்வேன்" என்றாள்.

முதல் பாலத்தின் சரிவில் ஏறும்போது தேக்குப் பலகைகள் சக்கரத்துக்கு அடியில் கடகடத்தன. உச்சியில் நிறுத்திவிட்டு ஆதிரை கீழே பார்த்தாள். வரைபடத்தில் கால்வாய் எப்போதும் நீலமாக இருக்கும். இது பாசிப் பச்சை. அழுகல் வாடையும் உப்பு வாடையும் கலந்து வந்தது. நட்டு வைத்த மூங்கில்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வீடுகளின் கொல்லைக் கதவுகள் நேராகத் தண்ணீரில் திறந்தன. ஒரு பெண் கதவுக்கு வெளியே கல்லில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டபடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்படி ஒரு கொல்லைப்புறம் உலகத்தில் இருக்கும் என்று ஆதிரை நினைத்ததே இல்லை.

இரண்டாம் கால்வாயின் கரையில் அவுரிக் கிடங்கு. அவுரி ஏற்றுமதி நின்று எவ்வளவோ காலம் ஆகியும் சுவரின் அடிப்பகுதி நீலம் பாரித்திருந்தது. ஈரக் கையை வைத்து எடுத்தாள்; உள்ளங்கையில் மங்கலாக ஒட்டியது. அதைக் கபிலனின் சட்டையில் துடைத்தாள். அவன் சிரித்தான். கிடங்கின் வளைவுத் தாழ்வாரத்துக்குள் போனபோது, கால்வாயில் பட்ட வெயில் திரும்பி வந்து மேல்கூரையில் நெளிந்துகொண்டிருந்தது. அவள் தலையை அண்ணாந்து பார்த்தபடியே தாழ்வாரத்தின் நீளம் முழுக்கப் போனாள். தள்ள வேண்டாம் என்று கபிலனிடம் சொல்லிவிட்டாள். எத்தனை வருடங்கள் கழித்து ஒரு புது ஊரின் வழியே தன் கையால் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் பாலங்களில் கபிலன் படிக்கட்டில் ஏறி இறங்கி, மறுபக்கம் அவளுக்காகக் காத்து நின்றான். பிறகு அவனும் அவளோடு சரிவிலேயே நடந்து வரத் தொடங்கினான். அவளுக்கு அது பிடித்திருந்தது.

நகரின் நடுவில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம். அதன் கூரைக்கு உடைத்த கப்பல்களின் மரத்தைப் போட்டிருந்தார்கள். அங்கே சக்கர நாற்காலி நுழையக்கூடிய கழிப்பறை இருப்பதாக வரைபடத்தில் இருந்தது. ஆதிரைக்கு நிரந்தரமாகச் சிறுநீர்க் குழாய் பொருத்தியிருந்தார்கள். வெயிலில் வந்ததால் ஒருமுறை படுத்துக் குழாயைச் சரிபார்த்துக்கொள்ள நினைத்தாள். கழிப்பறைக் கதவைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் விட்டம் வரை அடுக்கியிருந்தன. கல்யாண வரவேற்புகளுக்கு வாடகைக்கு விடுவதாம். ஷமீமா அதைப் படம் எடுத்துக்கொண்டு, குறித்துக்கொண்டாள். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை வந்து வருத்தம் தெரிவித்தார். இப்போதெல்லாம் யாரும் கேட்டு வருவதில்லை என்றார். பரவாயில்லை, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆதிரை கிளம்பிவிட்டாள். இன்னும் இரண்டு கால்வாய்தான் மிச்சம் இருந்தது. அவளுக்கு நம்பிக்கை வந்திருந்தது.

கடைசிக் கால்வாய்க்கு உப்புக் கால்வாய் என்று பெயர். அகலமானது, பாலமும் உயரம். அதனால்தான் சரிவு போட முடியாமல் மின்தூக்கி வைத்திருந்தார்கள். அதன் கூண்டுக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு எரிந்தது, கூண்டு நகரவில்லை. ஷமீமா அழுத்திப் பார்த்தாள். கபிலன் கம்பிக்கதவை இழுத்துச் சாத்திப் பார்த்தான். முந்தின நாள் மாலை தானே வந்து சோதித்தபோது ஓடியது என்று ஷமீமா சொன்னாள். அவள் முகம் சிறுத்துவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவருக்குப் போன் செய்தாள். ஆள் கிளம்பிவிட்டார், வந்துகொண்டிருக்கிறார் என்று பதில் வந்தது.

கிடங்குச் சுவரின் நிழலில் காத்திருந்தார்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. மறுகரையில் கடற்கரைத் தெருவும், பாதை முடியும் இடத்தின் கல்லும், பக்கத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தின் பலகையும் தெரிந்தன. தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா என்று கபிலன் ஒருமுறை கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். தூக்கினால் பாதை தோற்றுவிடும். வந்தவழியே திரும்பினாலும் அப்படித்தான். காத்திருப்போம் என்றாள்.

முதலில் தலைவலி வந்தது. வெயிலால் இருக்கும் என்று தண்ணீர் குடித்தாள். பிறகு முகம் சிவந்து, கழுத்துக்கு மேலே வியர்வை ஊற்றியது. மண்டைக்குள் சம்மட்டி அடித்ததுபோல ஒவ்வொரு துடிப்பும் தெறித்தது. கபிலனுக்குப் புரிந்துவிட்டது. வார்டில் இருவருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்த விஷயம் அது. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லாத உடம்பில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் வலி தெரியாது. ரத்த அழுத்தம் மட்டும் கட்டுக்கடங்காமல் ஏறும். அப்படியே விட்டால் மூளையில் ரத்தநாளம் வெடிக்கும். அவன் குனிந்து குழாயைப் பார்த்தான். மடிப்பை நீவிவிட்டான். பையிலிருந்த ஊசிக்குழலால் தண்ணீரைச் செலுத்திப் பார்த்தான். இறங்கவில்லை. குழாயையே மாற்ற வேண்டும். ஷமீமா ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டாள். கால்வாய்ச் சந்துக்குள் வண்டி வராது, சுற்றுச்சாலை வழியாக மறுகரைக்குத்தான் வரும் என்றார்கள்.

"ஆதிரை, போதும். தூக்கறேன்."

"தூக்காத."

"செத்துருவ."

"லிப்டு ஆள் வந்துடுவான். தூக்காத கபிலா."

அவளுக்குப் பார்வை மங்கியது. அடுத்து அவள் அறிந்தது, வானம் ஆடியது. அவன் அவளைக் கைகளில் வாரிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தான். கால்வாயில் படகைக் கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். அவன் மார்பு இரைந்தது. பாலத்தின் உச்சியில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு இரு கரையிலும் கைதட்டினார்கள். நிறுத்தச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சுகாதார நிலையத்தில் செவிலி குழாயை மாற்றியதும் தலையிலிருந்த சம்மட்டி மெல்ல மெல்ல ஓய்ந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று செவிலி கபிலனிடம் சொன்னது காதில் விழுந்தது.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் இருவரும் அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஒருநாள் ஆன பிறகு, அவள் கேட்டாள்.

"நீயும் நாற்காலியில இருந்திருந்தா அன்னைக்கு என்ன பண்ணிருப்ப?"

அவன் யோசித்துவிட்டு, கத்தியிருப்பேன் என்றான்.

"ஆமா. ஊரே கூடுற மாதிரி கத்திருப்ப. லிப்டு ஓடலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

உயிரைக் காப்பாற்றியவனிடம் இப்படிப் பேசுவது நியாயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

பாலத்தில் கைதட்டியவர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்திருந்தார். மனைவியைக் கைகளில் ஏந்திக்கொண்டு ஒருவன் பழைய செங்கல் பாலத்தில் ஏறுகிறான். பின்னால் மீனவர்கள் அவள் நாற்காலியைச் சாமி தூக்குவதுபோலத் தூக்கி வருகிறார்கள். தலைவலியும் சிவந்த முகமும் படத்தில் தெரியவில்லை. கணவனின் தோளில் முகம் புதைத்திருப்பதுபோல இருந்தது. ஒரே வாரத்தில் அது தமிழ்நாடு முழுக்கப் போனது. கல்யாணமாகாத பெண்கள் இப்படி ஒருவன் வேண்டும் என்று எழுதினார்கள். இப்படி மனிதர்கள் இருக்கும்போது மெஷின் எதற்கு என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் இருப்பதிலேயே அதிகப் பாராட்டு. ஆதிரை பதில் எழுத உட்கார்ந்தாள். நான் தூக்காதே என்று சொன்னேன் என எழுதினாள். நன்றி கெட்டவள் என்று திட்டினார்கள். பிறகு அவள் எழுதவில்லை.

ஆடி மாதத்தில் ஷமீமா கூப்பிட்டாள். வாரியம் முடிவு செய்துவிட்டது, பாதையை அகற்றுகிறார்கள் என்றாள். மின்தூக்கி ஓடாதது, கழிப்பறையில் நாற்காலி அடுக்கியிருந்தது, ஆள் வரத் தாமதமானது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதியதாகச் சொன்னாள். குரல் உடைந்திருந்தது.

"நான் எழுதினதை யாரும் மறுக்கல மேடம். அந்த வீடியோவைப் போட்டுப் பாத்தாங்க. பாதை பழுதாயிருந்தும் அந்தம்மா பத்திரமா கரை சேந்துட்டாங்களே, அப்ப பாதை அவசியமில்லைன்னுதான அர்த்தம்னு சேர்மன் கேட்டாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. உண்மையாவே நெகிழ்ந்துபோய்த்தான் கேட்டாரு."

ஆதிரை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கு வேணும்னு இன்னும் ஒரே ஒருத்தர் வந்து நின்னிருந்தாக்கூட நான் விட்டிருக்க மாட்டேன் மேடம். ஒரு ஆளுக்காகவான்னு கேட்டாங்க."

அடுத்த வாரம் ஒல்லாந்தபுரத்தின் குறி மறுபடியும் அவள் திரைக்கு வந்தது. ஆதிரை அதை அழித்தாள். அவள் அழிக்காவிட்டால் வேறு யாராவது அழிப்பார்கள், அவள் வேலையும் போகும். அவுரிக் கிடங்கின் தாழ்வாரத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தாள். மேலிருந்து எடுத்த படத்தில் ஓட்டுக்கூரை மட்டும்தான் தெரிந்தது.

அதன்பிறகு அவள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். கபிலன் ஞாயிற்றுக்கிழமைகளில் காவிரிக்கரைக்குக் கூப்பிட்டான், சினிமாவுக்குக் கூப்பிட்டான். படி இருந்தால் என்ன, தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். இனி எங்கே போனாலும் அவன் கைகளில்தான் போக வேண்டும். அவனுக்கு நேரம் இருக்கும்போது, அவனுக்கு முடியும்போது. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தலை வலிக்கிறது என்பாள். கொஞ்ச நாளில் அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான். அவன் கேட்பதை நிறுத்தியதும் அவளுக்கு ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிய கபிலன் சமையலறை நிலைப்படியில் விழுந்தான். தடுக்கி விழ அங்கே ஒன்றும் இல்லை. ஆதிரை நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். அவன் கையூன்றி எழப் பார்த்தான். இடது கால் அவனோடு எழவில்லை. பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. அப்படிக் கிடக்கும் பாதத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். வார்டில் வரிசையாக எல்லாக் கட்டில்களிலும் பார்த்திருக்கிறாள்.

ஒரு கணம் அவளுக்குள் சந்தோஷம் பொங்கியது. தான் தனி இல்லை என்ற சந்தோஷம். அது எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்தது என்பதைக் கண்டு அவளே பயந்துபோனாள். அடுத்த கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியமே இல்லை.

"எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். மாசி மாதத்திலிருந்து என்றான். முதலில் விரல்கள் மரத்தன, பிறகு கணுக்கால். அவளிடம் சொல்லாமல் மருத்துவரிடம் போயிருக்கிறான்.

"இழையைச் சுத்தி உடம்பே தழும்பு கட்டுதாம். முள்ளு தச்சு உள்ளயே நின்னுட்டா சதை மூடுது பாரு, அந்த மாதிரி. மூட மூட ஒண்ணும் கீழ போகாது. எடுத்துட்டுப் புதுசா போடவும் முடியாதாம், நரம்பு அதோட பிஞ்சு வந்துரும்னாரு."

"உனக்கு மட்டுமா?"

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் தன் காலைக் கையால் எடுத்து நேராக வைத்தான்.

"வெயிட்டிங் ஹால்ல உக்கார எடமில்ல ஆதிரை. எல்லாரும் நடந்துதான் வந்திருந்தாங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல."

மாசி கழிந்துதான் வைகாசி. ஆதிரை மாதங்களை எண்ணிப் பார்த்தாள். ஒல்லாந்தபுரத்தில் தன் பக்கத்தில் நின்றவனும் அந்தப் பாதை வேண்டியிருந்தவன்தான். ஷமீமா கேட்ட அந்த இன்னொரு ஆள் அங்கேயே இருந்தான். அவள் அதைச் சொல்ல வாயெடுக்கும் முன்பே அவன் சொன்னான்.

"சொல்லணும்னுதான் உன்கூட வந்தேன். பாதை முடியற எடத்துல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். உன்னை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வெளிய வந்தா, அந்தப் படகுக்காரங்க என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

அவனைத் திட்டுவதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. விழும்போதெல்லாம் தன்னைத் திட்டிய அந்தப் பழைய பையனாக இருந்திருந்தால் திட்டியிருப்பாள். நிலைப்படியில் உட்கார்ந்திருந்தவன் திட்டுவாங்கும் நிலையில் இல்லை. தளத்தில் தெரிந்தால் வேலை போய்விடும், மேசை வேலைக்கெல்லாம் அங்கே இப்போது ஆளே வைப்பதில்லை, முடிந்தவரை ஓட்டிவிடுகிறேன், அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனான். காத்திருப்பு அறையில் இருந்த ஒவ்வொருவரும் இந்நேரம் தன் வீட்டில் யாரிடமோ இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் எல்லாரும் ஒருநாள் ஒரே குரலில் சொன்னால் போதும். ஒருவரும் சொல்லப் போவதில்லை. சொல்லும் காலம் வரும்போது இடிப்பதற்கு எந்த ஊரிலும் ஒரு சரிவுகூட மிஞ்சியிருக்காது.

"யார்கிட்டயும் சொல்லமாட்டல்ல?" என்றான்.

"சொல்லமாட்டேன்" என்றாள்.

நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். அவன் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலில் பாரத்தைப் போட்டு எழுந்தான். பேன்ட்டைத் தட்டிக்கொண்டான், குடையை எடுத்தான். வாசல்வரை வந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் தேங்கிய தண்ணீரில் அவன் ஒவ்வொரு அடியையும் யோசித்து யோசித்து வைத்துப் போனான். அறியாதவர்கள் பார்த்தால் செருப்பு நனையாமல் நடக்கிறான் என்று நினைப்பார்கள். முனையில் மருந்துக்கடை. அதன் முன்னால் இருந்த சரிவை அண்மையில்தான் உடைத்துவிட்டுப் பளிங்குப் படி கட்டியிருந்தார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினான். கடைக்காரர் ஏதோ விசாரித்தார். வழுக்குகிறது என்பதுபோல அவன் படியைக் காட்டிச் சிரித்தான்.